தம்பானூர்த் தமிழ் இல்லங்களில் நுரைக்காப்பி இயந்திரத் தேர்வு: ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

வடக்கே மாஞ்சாலிக்குளம், தெற்கே சென்ட்ரல் ரயில் நிலையம், மேற்கே ஓவர்பிரிட்ஜ், கிழக்கே அரிஸ்டோ ஜங்ஷன். இந்நான்கெல்லைக்கு உட்பட்ட திருவனந்தபுரத்துத் தம்பானூரில், தமிழ் பேசும் ஒரு வீட்டின் அடுக்களை மேடையில், மிக்ஸிக்கும் தண்ணீர் ஃபில்டருக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் ஒன்றரை அடி இடமே இவ்வாய்வின் களம். பெருமழை பெய்தால் மேற்படி எல்லைகள் தண்ணீருக்குள் போய்விடும் என்பதும், அதைத் தடுக்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஓடைகளையும் வடிகால்களையும் அரசு தூர்வாரியது என்பதும் ஆய்வுப் பொருளோடு தொடர்பில்லாதவை. ஆயினும் ஆய்வேடு என்றால் முதல் இயலில் நிலவியல் இருந்தாக வேண்டும். சேர்த்தாயிற்று.

அந்த ஒன்றரை அடியில் எந்த எஸ்பிரசோ மெஷினை, எப்படிப்பட்ட பால் நுரைக்கும் குழாயோடு வைப்பது என்பதே ஆய்வுச் சிக்கல். பட்டம் பெறும் நோக்கம் இல்லை. மெஷின் வாங்கும் நோக்கம் உண்டு. அதற்கு அனுமதி வாங்குவது பட்டம் வாங்குவதைக் காட்டிலும் கடினம் என்பதால்தான் இந்த ஏடு.

இவ்வாய்வின் நெறியாளர் என் அத்தை, அதாவது மாமியார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இவ்வூருக்கு வந்தவர். அவருடைய தகப்பனார் காலத்தில் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1ஆம் தேதி நடுவே மாநிலக் கோடு விழுந்தது. காப்பி விஷயத்தில் அந்தக் கோட்டை அவர் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. பால் கேரளத்து மில்மாவாக இருக்கலாம். தூள் மட்டும் நாகர்கோவிலிலிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்க வேண்டும். ஆய்வாளர் இவ்வீட்டு மருமகன். அடுக்களையில் அவருக்குள்ள உரிமை பார்வையாளர் உரிமை.

கருதுகோள் இது: வீட்டு எஸ்பிரசோ மெஷினின் தகுதியைத் தீர்மானிப்பது பம்பும் பாய்லரும் அல்ல. பால் குழாயைச் சூடு ஆறுமுன் துடைக்கப்போவது யார் என்ற கேள்விக்கு வீட்டில் கிடைக்கும் பதிலே அதைத் தீர்மானிக்கிறது.

முன்னாய்வுகள்

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ வெளிவந்தபின், தமிழில் காப்பியை ஆராய்வது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை என்றாகிவிட்டது. அவர் ஆராய்ந்தது காப்பி நம் வீட்டுக்குள் நுழைந்த வரலாறு. அதன் தலையில் நுரை எப்படி ஏறியது என்பது இன்னும் தரிசு நிலம்.

இத்தாலியில் இத்துறை முந்திவிட்டது. தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியொண்டோ 1884இல் நீராவியால் காப்பி இறக்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானின் லூயிஜி பெட்செரா ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் வழியைக் கண்டார். அந்தக் காலத்து யந்திரங்களில் நீராவியின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளியது. அழுத்தமும் போதாது, சூடும் மிகுதி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அச்சீலே காஜியா வில்லும் நெம்புகோலும் வைத்த யந்திரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் காப்பியின் மேல் பொன்னிற ஏடு படிந்தது. அந்தக் கைவலியை 1961இல் ஃபயீமா நிறுவனத்தின் ஈ-61 போக்கியது. மின்பம்பு தள்ள, ஆள் ஒரு சிறு பிடியைத் தூக்கினால் போதும். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர் அது. கிரகண வேளையில் அடுப்பை அணைத்து, பால் சட்டியில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு மூடிவைக்கிற குடும்பங்களில் இம்மெஷினை எந்த நாளில் வைத்துப் பால் காய்ச்சுவது என்பது தனி ஆய்வுக்குரியது. எதிர்கால ஆய்வாளர்கள் கவனிக்க.

நம் பக்கத்து முன்னாய்வு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ ஒரு வரவேற்புக்குப் போனவர்களுக்கு அந்த யந்திரத்தை விளக்கத் தேவையில்லை. பளபளக்கும் உடம்பு, நெற்றியில் வட்டமான மானி, பக்கத்தில் வளைந்து இறங்கும் நீராவிக் குழாய். எவர்சில்வர் மக்கில் பால், சீனி, இன்ஸ்டன்ட் தூள் மூன்றையும் போட்டுக் குழாயை உள்ளே விட்டால் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். நுரை பொங்கி வரும்; மேலே சாக்லேட் பொடி ஒரு சிட்டிகை. பந்தியிலிருந்து எழுந்தவர்கள் பீடாவுக்கும் அதற்கும் நடுவே எதை முதலில் வாங்குவது என்று திகைத்து நிற்பார்கள். எல்லோரும் அதை எஸ்பிரசோ என்றார்கள். அந்த யந்திரத்தில் காப்பித்தூளின் ஊடாக ஒரு சொட்டுத் தண்ணீரும் அழுத்தத்தில் இறங்கியதில்லை. வந்ததெல்லாம் நீராவியும் நுரையும்.

இத்தரவிலிருந்து பெறப்படுவது முக்கியமானது. வீட்டுக்கு எஸ்பிரசோ மெஷின் வேண்டும் என்று கேட்கிற நடுத்தர வயதுத் தமிழருக்கு வேண்டியது எஸ்பிரசோ அன்று. அந்தச் சீற்றமும், சீறி முடிந்ததும் உதட்டுக்கு மேல் ஒட்டுகிற நுரையும். கடைக்காரர் பாய்லர், பம்பு, அழுத்தம் என்று அரைமணி நேரம் பேசுவார். கேட்பவரின் கண் குழாயின் மேலேயே இருக்கும்.

களஆய்வு: சரிவும் நுரையும்

தம்பானூரில் நுரையை ஆராய வந்தவர் இந்தியன் காப்பி ஹவுஸைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. உள்ளே நுழைந்தபின் சுற்றத்தான் வேண்டும். லாரி பேக்கர் கட்டிய கட்டடம். ரயிலடிக்கு எதிரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செங்கல் நிறத்தில் திருகிக்கொண்டு நிற்கும். மாடி என்று தனியாக ஒன்று கிடையாது. தரையே சரிவாகச் சுழன்று ஏறும். வெளிச்சுவரை ஒட்டி, வரிசையாக அசையாத மேசையும் பெஞ்சும். சுவர் நெடுகச் செங்கல் இடைவெளிகள், அவற்றின் வழியே காற்றும் பஸ் கண்டக்டர் குரலும் வரும். விசிறி மடிப்புத் தலைப்பாகை வைத்த பரிமாறுபவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்குகிற நடையைப் பார்க்கவே ஒரு காப்பி சொல்லலாம்.

இந்தக் காப்பி ஹவுஸ்கள் முதலில் காப்பி வாரியத்தின் சொத்து. ஐம்பதுகளில் வாரியம் கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்களை ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். கேரளத்தின் முதல் கடை திருச்சூரில் 1958 மார்ச் 8ஆம் தேதி திறந்தது. கட்லெட்டிலும் மசாலா தோசையிலும் பீட்ரூட் ஏன் என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே இருப்பது ஆய்வாளருக்கு நிம்மதி.

இங்கே கண்ட உண்மையைத் தம்பானூர் விதி என்று அழைக்கலாம்: இருக்கை உயர உயர நுரை தாழும். கீழ்ச்சுற்றில் உட்கார்ந்தவருக்கு வரும் காப்பிக்கும் மேல்சுற்றில் உட்கார்ந்தவருக்கு வரும் காப்பிக்கும் இடையே இரண்டு சுற்று நடை இருக்கிறது. நுரை என்பது காற்றைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய திரவச் சுவர்களின் அடுக்கு. செய்த கணத்திலிருந்தே அந்தச் சுவர்களிலிருந்து திரவம் கீழே வடியும். சுவர் மெலிந்து குமிழிகள் ஒன்றோடொன்று சேரும். சிறியதன் காற்றைப் பெரியது உறிஞ்சிக்கொள்ளும். பெரிய குமிழி முதலில் உடையும், பொடி நுரை தாக்குப்பிடிக்கும். ஆகவே வாங்க வேண்டிய மெஷினின் நுரை, அடுக்களையிலிருந்து மாமா செய்தித்தாள் படிக்கும் முன்கட்டு வரை நடந்து போவதைத் தாங்க வேண்டும். இந்த ஒரு தேவையை எந்தப் பெட்டியின் மேலும் அச்சடித்துப் பார்த்ததில்லை.

அழுத்தம் என்னும் மாயை

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது ‘15 பார்’. சிலவற்றில் 20. வாங்குபவர் 15ஐவிட 20 ஐந்து பங்கு கூடுதல் மணம் தரும் என்று கணக்குப் போடுவார். எஸ்பிரசோவுக்கு வேண்டியது 9 பார் அளவுதான். 15 என்பது வீட்டு மெஷினில் இருக்கும் சிறு அதிர்வுப் பம்பு மூச்சைப் பிடித்துத் தள்ளினால் எட்டக்கூடிய உச்சம். நல்ல மெஷினில் மிகுதியைத் திருப்பிவிட ஒரு வால்வு வைத்திருப்பார்கள். மலிவானதில் அதுவும் இருக்காது. ஆக அந்த எண் பெரிதாக இருப்பதால் குடிப்பவருக்கு ஒரு லாபமும் கிடையாது.

‘பார்’ என்ற அளவு தம்பானூர்வாசிக்கு உறைக்காது என்பதால் ‘விழிஞ்சம்’ என்ற புதிய அலகை இவ்வேடு முன்மொழிகிறது. விழிஞ்சம் துறைமுகத்தில் கடல் இயல்பாகவே 18 மீட்டருக்குக் குறையாத ஆழம் என்பது இவ்வூர் டாக்ஸி ஓட்டுநர் வரை எல்லோரும் சொல்லும் பெருமை. 18 மீட்டர் நீருக்கு அடியில் உள்ள அழுத்தம், மேலே இருக்கும் காற்றைச் சேர்க்காமல், 1.8 பார். இது ஒரு விழிஞ்சம். எஸ்பிரசோவுக்கு வேண்டியது ஐந்து விழிஞ்சம். அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரம் 1933 முதல் இத்தாலிய வீடுகளில் ஒரு விழிஞ்சத்தைத் தொடாமலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறது. நம் பித்தளை ஃபில்டரின் அழுத்தம் பூஜ்யம். அது பூமியின் ஈர்ப்பையும் வீட்டாரின் பொறுமையையும் நம்பியது.

ஐந்து விழிஞ்சத்தைத் தாங்குவதற்குத் தூள் வேண்டும். இங்கேதான் நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் கொள்கை முரண்பாடு. நாகர்கோவிலிலிருந்து வருவது சிக்கரி சேர்த்த ஃபில்டர் தூள். சட்டப்படி அதில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எஸ்பிரசோவுக்கு அது பெருவெட்டு; தண்ணீர் ஓட்டமாக ஓடிவிடும். சிக்கரியோ ஈரம் பட்டதும் பிசுபிசுத்து வடிகட்டியில் ஒட்டும். பதினெட்டுக் கிராம் கொட்டையை மாவுக்குச் சற்று முந்தைய பதத்தில் அரைத்து, அமுக்கி, 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் டிகாஷன் இறங்கினால் பதம் என்பது பொதுவான கணக்கு. மிக்ஸியில் அரைத்தால் பாதி தூசி, பாதி குருணை. ஆகவே மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கொட்டை அரைக்கும் கருவிக்குப் போக வேண்டும். கையால் சுற்றுவதே போதும், மருமகனுக்கு வேறு உடற்பயிற்சி இல்லை. இதைச் சொல்லாமல் மெஷினை மட்டும் விற்கிற கடைக்காரருக்குப் பாவம் சேரும்.

மலிவான மெஷின்களில் இரட்டைச் சுவர் வடிகட்டி ஒன்று தருகிறார்கள். அடியில் ஊசித்துளை ஒன்றே ஒன்று. எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளை வழியே பீய்ச்சி மேலே ஒரு பொய் ஏட்டை உண்டாக்கிவிடும். கொள்கையளவில் ஆய்வாளர் இதைக் கண்டிக்கிறார். விருந்தாளி வந்திருக்கும்போது கண்டிப்பதில்லை.

கொட்டைக்கு வெளியூர் தேட வேண்டாம். இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி. கப்பலேறிப்போன ரொபஸ்டா அங்கே எஸ்பிரசோவின் ஏட்டுக்குக் கனம் சேர்த்து, தகர டப்பாவில் இத்தாலியப் பெயரோடு நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வறுத்த தேதி போட்ட பையாகப் பார்த்து வாங்கினால் ஒரு கடல் பயணம் மிச்சம்.

பாய்லர்களின் குடித்தனம்

மெஷின்களைப் பாய்லரை வைத்து இனம் பிரிக்கிறார்கள். காப்பிக்கு வேண்டிய சூடு 90 முதல் 96 டிகிரி. நீராவிக்கு 120க்கு மேல். இரண்டும் ஒரு கூரையின்கீழ் எப்படி வாழ்கின்றன என்பதைக் குடித்தன முறையில் விளக்கலாம். ஒற்றைப் பாய்லர் ஒரே அடுப்பு வைத்த வீடு: காப்பி இறக்கியாயிற்றா, சுவிட்சைப் போட்டுவிட்டுச் சூடு ஏறும்வரை காத்திருந்து பாலை நுரைக்க வேண்டும், அடுத்தவருக்குக் காப்பி என்றால் மறுபடி ஆறவிட வேண்டும். வெப்பமாற்றுக் குழாய் உள்ளது ஒட்டுக்குடித்தனம்: நீராவிப் பாய்லரின் நடுக்கூடம் வழியாகவே காப்பித் தண்ணீருக்குப் பாதை. இரட்டைப் பாய்லர் தனிக்குடித்தனம். செலவும் அதற்கேற்ப லட்சத்தைத் தொடும். பாய்லரே இல்லாமல், சூடான கட்டியின் ஊடே தண்ணீரைப் பாய்ச்சும் ‘தெர்மோபிளாக்’ இனமும் உண்டு. நிமிஷத்தில் தயாராகும், இடத்தை அடைக்காது. டெலோங்கி டெடிக்கா இவ்வினம். ஒரு சாண் அகலத்தை மிஞ்சாது. ஆனால் அதன் நீராவிக்கு மூச்சு குறைவு.

வீட்டில் காலைக் காப்பிக்கு நாலு பேர். ஒற்றைப் பாய்லரில் நாலாவது ஆளுக்குக் காப்பி வரும்போது முதல் ஆள் குளித்துவிட்டு வந்திருப்பார் என்பது எதிர்த்தரப்பு வாதம். நாலு பேருக்கும் டிகாஷனை முதலில் இறக்கிக்கொண்டு பாலைக் கடைசியில் ஒரே மூச்சில் நுரைத்தால் தீர்ந்தது. இதற்கு இத்தாலியர் முகம் சுளிப்பார்கள். ஃபில்டரின் மேல்தட்டில் விடியுமுன்னே தூள் போட்டு ஊற்றிவைத்துப் பழகிய குடும்பத்துக்கு, இரண்டு நிமிஷப் பழைய டிகாஷன் புதுசு.

ஒரு மின்சாரக் குறிப்பு. இவை 1,000 வாட்டுக்கு மேல் இழுப்பவை. சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் செருகிவிட்டுப் பக்கத்திலேயே மிக்ஸியையும் ஓட்டினால் சட்னியும் காப்பியும் சேர்ந்து நிற்கும். கனமான 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மெஷின். தண்ணீர்ப் பிரச்சினை இவ்வூரில் சிறிது. கரமனை ஆற்று நீர் அருவிக்கரையிலிருந்து குழாயில் வருகிறது. மலைத்தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. போர்வெல் தண்ணீரில் காலம் கழிக்கும் சென்னை உறவினர்களின் மெஷினுக்குள் எவ்வளவு படியும் என்பதை எண்ணி இங்கே சற்று மகிழலாம்.

இன்னொரு குறிப்பு, கடைகளில் யாரும் கவனிக்காதது. டிகாஷன் இறங்கும் மூக்குக்கும் அடித்தட்டுக்கும் நடுவே சில மெஷின்களில் நான்கு விரற்கடை இடமே உண்டு. எஸ்பிரசோ கோப்பை போகும். நம் எவர்சில்வர் டம்ளர் போகாது; சாய்த்துச் சொருகினால் போகும், பிறகு வெளியே வராது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போகவும். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பச்சைப் பால் விவாதம்

இவ்வியல்தான் நெறியாளரால் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டது.

மெஷினோடு வரும் கையேடு சொல்வது: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலை நேரே ஊற்று, 60–65 டிகிரியில் நிறுத்து. எழுபதைத் தாண்டினால் பாலின் இயல்பான இனிப்பு மங்கிக் காய்ச்சிய வாடை எழும், நுரையும் முரடாகும். நெறியாளர் சொல்வது: பால் என்றால் பொங்க வேண்டும், பொங்காத பால் பச்சைப் பால், பச்சைப் பாலை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கிக் குளிரவைக்கப்பட்டது என்று ஆய்வாளர் எடுத்துரைத்தார். பண்ணையில் யாரோ காய்ச்சியது நம் வீட்டுக் கணக்கில் வராது என்ற தடைவிடை உடனே வந்தது. உரையாசிரியர்கள் இத்தகைய இடத்தில் ‘இருவர் கூற்றும் அமையும்’ என்று எழுதி நகர்வார்கள். நடைமுறை இணக்கம் ஒன்று கிடைத்தது: காலையில் வழக்கம்போலப் பாலைப் பொங்கக் காய்ச்சுவது, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைப்பது, நுரைக்குமுன் ஆடையை வடிகட்டுவது. ஆடைத் துணுக்கு கிடந்தால் நுரை கட்டி கட்டியாக நிற்கும். வடிகட்டிவிட்டால் ஒழுங்காக வருகிறது. வடிகட்டிய ஆடை யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

நுரையைத் தாங்கி நிற்பது பாலின் புரதம். கொழுப்பு அதன் நாக்குச் சுகம். மூன்று சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பால் நன்றாக எழும்பும், வாயில் மெலிந்திருக்கும். ஆறு சதவீதம் உள்ள கொழுப்புப் பால் அவ்வளவு எழும்பாது, ஆனால் பட்டாக இருக்கும். நுரை எழாத நாளில் மெஷினைத் திட்டுமுன் பாக்கெட்டின் தேதியைப் பார்க்கவும். பழசாகிப்போன பாலில் கொழுப்பு சிதைந்து உண்டாகும் அமிலங்கள் நுரையை எழவிடா.

குழாய்

மெஷினில் வாங்க வேண்டியது இதைத்தான். மற்றவை இதைத் தாங்கும் தூண்கள். மூன்று இனம். ஒன்று, வெறும் எஃகுக் குழாய், நுனியில் துளை. இரண்டு, அதன்மேல் காற்றுத்துளை வைத்த உறை மாட்டியது; எப்படிப் பிடித்தாலும் நுரைக்கும், ஆனால் குமிழி பெரிது. அது தம்பானூர் விதிப்படி முன்கட்டு சேருமுன் உடையும். மூன்று, டப்பாவில் பாலை ஊற்றிப் பட்டனைத் தொட்டால் தானே உறிஞ்சி நுரைத்துத் தருவது.

வெறும் குழாயைப் பழகுவதற்குக் காது வேண்டும். நுனி பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, ஒரு நெல்மணி ஆழத்தில், பாத்திரத்தின் நடுவை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். திறந்ததும் சர் சர்ரென்று விட்டுவிட்டு ஒரு சத்தம். அதுதான் காற்று ஏறுவது. சில நொடிகள் போதும். பிறகு பாத்திரத்தை இம்மி உயர்த்தினால் நுனி முங்கும், சத்தம் அடங்கும், பால் சுழிக்கத் தொடங்கும். அந்தச் சுழியில் பெரிய குமிழிகள் உடைபட்டுப் பொடியாகும். பாத்திரத்தின் பக்கத்தில் வைத்த உள்ளங்கை சூடு பொறுக்காமல் விலகுகிற கணத்தில் மூட வேண்டும். மேற்பரப்பு அப்போது பெயிண்ட் அடித்ததுபோல் மினுங்கும். நுனி அதிகம் முங்கினால் பால் சூடாகும், நுரைக்காது. அதிகம் மேலே வந்தால் பால் சுவருக்குப் போகும். தம்பானூர்ச் சாயாக்கடையில் இரண்டு குவளைகளை ஒரு கை நீளம் பிரித்து வீசி அடிக்கிறாரே ஒருவர், அவர் இத்தனை விளக்கமும் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறார் என்பது உண்மை. அவருடைய குமிழி பெரிது என்பதும் உண்மை. அவரை ஒன்றரை அடி மேடையில் வைக்க முடியாது.

இனி கருதுகோளின் மையம். மூடிய அடுத்த நொடி குழாயைத் துடைத்து, ஒருமுறை வெறும் நீராவியைச் சீற விட வேண்டும். தவறினால் பால் குழாயின்மேல் காய்ந்து பொருக்காகும். குழாய்க்குள்ளும் நடக்கும்: நீராவி நின்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மிச்சப் பாலை மேலே இழுக்கும், அது துளையை அடைக்கும், பாய்லர் வரை போனாலும் போகும். தம்பானூர் எறும்புகளுக்கு இந்தச் செய்தி நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

வெறும் குழாய்க்கு ஒரு துணி போதும். உறை போட்ட குழாய்க்கு உறையைக் கழற்ற வேண்டும், துளையைக் குத்த வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். தானே நுரைக்கும் டப்பாவுக்கோ மூடி, உறிஞ்சுகுழல், வாய், வளையம் என்று தொட்டிக்குள் ஒரு குடும்பமே இறங்கும். மனித உழைப்பை மிச்சப்படுத்தும் கருவி எவ்வளவு தானியங்கியாக இருக்கிறதோ அவ்வளவு உதிரிகளைத் தொட்டியில் விட்டுச்செல்கிறது. அந்த உழைப்பு மறைவதில்லை. பட்டனைத் தொடும் ஆளிடமிருந்து பாத்திரம் கழுவும் ஆளிடம் இடம் மாறுகிறது. நம் வீடுகளில் இந்த இருவரும் ஒருவராக இருப்பது அரிது. மெஷின் விளம்பரங்களில் தொட்டி ஏன் காட்டப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எனவே பரிந்துரை: உறையில்லாத வெறும் குழாயும் ஒற்றைப் பாய்லரும், 58 மில்லிமீட்டர் வடிகட்டியும் கொண்ட மெஷின். காஜியா கிளாசிக், ரன்சிலியோ சில்வியா இவ்வினத்தின் பழம்பெயர்கள். அதற்குப் பணம் ஒதுங்காவிட்டால் ஃபில்டர் டிகாஷனை அப்படியே வைத்துக்கொண்டு, பேட்டரியில் சுழலும் சிறு கம்பி மத்து ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். கழுவ வேண்டியது அந்தக் கம்பி மட்டும். இக்கடைசி வரியை ஆய்வாளர் அடிக்குறிப்பாகத்தான் வைத்திருந்தார். நெறியாளர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுவிட்டார்.

வாய்மொழித் தேர்வு

இடம் அடுக்களை. நெறியாளரே புறத்தேர்வாளர். என் மனைவி பார்வையாளராகக் கதவருகே நின்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“மாப்பிள்ளை, அந்த ஆவி எங்க போவுது?”

“பாலுக்குள்ள, அத்தை.”

“போயி?”

“குளுந்து தண்ணியாயிரும். அது விடுற சூட்டுலதான் பால் சூடாவும்.”

“அப்பம் பால்ல தண்ணி சேரும்.”

ஆய்வாளர் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 200 மில்லி பாலை 5 டிகிரியிலிருந்து 62க்கு ஏற்ற, ஏறக்குறைய 20 கிராம் நீராவி அதற்குள் குளிர்ந்து நீராக வேண்டும். பத்துக்கு ஒரு பங்கு.

“பால்காரன் இப்பிடிச் செஞ்சா வாசல்ல நிப்பாட்டிக் கேப்போம். இதுக்கு நாம துட்டு குடுக்கணுமா?”

இயற்பியல் வேறு, கலப்படம் வேறு என்று ஆய்வாளர் வாதிட்டார். கொழுப்புப் பாலை எடுத்தால் தண்ணீர் சேர்ந்தபிறகும் டோன்டு பாலைவிடக் கெட்டியாகவே இருக்கும் என்றும் எடுத்துக்காட்டினார். தேர்வாளர் முகத்தில் மாற்றமில்லை.

“செரி. இம்புட்டும் எழுதியிருக்கியளே, தொடைக்கப்போறது ஆருன்னு எங்கயும் எழுதலியே?”

கருதுகோளே அதுதான், அத்தை என்றேன்.

“கேள்வியத்தான் எழுதியிருக்கிய. பதில எழுதுங்க.”

பதிலைப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டேன். மனைவி சாட்சிக் கையெழுத்து போட்டாள். ஆய்வேடு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. திருத்தங்கள்: மெஷின் வந்தாலும் ஃபில்டர் மேடையை விட்டு இறங்காது, முதல் டிகாஷன் எப்போதும் ஃபில்டரில்தான், விருந்தாளிக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அந்தச் சத்தத்தை எழுப்புவது.

தாளை மடித்துக் கடுகு டப்பாவின் அடியில் வைத்துவிட்டு அவர் திரும்பினார். “அந்தக் கொழாய்க்குன்னு ஒரு துணி தனியா வாங்கிக்கிடுங்க. எஞ் சட்டி எறக்குற துணியத் தொடப்பிடாது.”